ஒப்புதல் என்றொரு விலங்கு

காஞ்சியின் பெருமை பேசுவோர் பலர். பட்டைப் பேசுவர், பல்லவனைப் பேசுவர், வானைத் தொடும் கோபுரங்களைப் பேசுவர். பேசட்டும், தவறில்லை. தறியிலே சரிகை ஓட்டும் உழைப்பாளியின் ஊர் அது. கருங்கல்லைக் கனிய வைத்த சிற்பியின் ஊர் அது. பெருமைக்கு உரிய ஊர்தான். ஆயினும் அந்தக் கோபுரங்களின் நிழலிலே இன்னொரு கணக்கும் இருக்கிறது. விளக்கெரிக்க நெய் எவ்வளவு, அமுது படைக்க நெல் எவ்வளவு என்று கல்லிலே பொறித்த அதே உளி, கோயிலுக்குப் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் பொறித்து வைத்தது. நெய்யின் கணக்கைப் படித்து நெகிழ்ந்தவர்கள், பெண்ணின் கணக்கைப் படித்து ஒரு நாளாவது நாணினார்களா?

காஞ்சியிலுள்ள முக்தீசுவரர் கோயிலின் கல்வெட்டு, பல்லவன் நந்திவர்மன் காலத்தது. அதிலே ‘மாணிக்கத்தார்’ என்ற பெயரால் கோயிற் பெண்கள் குறிக்கப்படுகின்றனர். பல்லவன் போனான், சோழன் வந்தான். சோழன் போனான், விசயநகரத்தான் வந்தான். நவாபு வந்தான், வெள்ளையன் வந்தான். கொடி மாறிற்று, குடை மாறிற்று. இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. 1901ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் குடிக்கணக்கு அறிக்கை, முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிக் கோயிலில் 100 நடனப் பெண்கள் இருந்தனர் என்று கூறுகிறது. மதுரை, காஞ்சி, தஞ்சை ஆகிய ஊர்களின் பெரிய கோயில்களில் அறநிலைய வருவாயிலிருந்து படி பெற்று வாழ்வோர் அப்போதும் இருந்தனர் என்றும் அது எழுதி வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீண்ட சங்கிலி இது.

இதைச் சங்கிலி என்று நாம் சொன்னால் சிலருக்குச் சினம் பொங்குகிறது. “சங்கிலியா? யார் கட்டினார்கள்? அவர்கள் தாமே விரும்பி வந்தார்கள். இறைவனுக்குத் தம்மை ஈந்தார்கள். தாய் ஒப்பினாள், மகள் ஒப்பினாள், ஊர் ஒப்பிற்று. ஒப்பியவளை அடிமை என்று சொல்லலாமா?” என்று கேட்கின்றனர்.

நல்ல கேள்வி. ஒதுக்கித் தள்ளத்தக்க கேள்வி அன்று. விடை சொல்லியே தீர வேண்டிய கேள்வி. ஒருவர் ஒப்பிவிட்டால் அடிமைத்தனம் அடிமைத்தனம் அல்லாததாகிவிடுமா? இந்த வழக்கை வேறொரு நாட்டின் நீதிமன்றம் 200 ஆண்டுகளுக்கு முன்பே விசாரித்திருக்கிறது. வழக்குத் தொடுத்தவள் மன்னன் மகளல்லள், மாளிகைச் சீமாட்டியுமல்லள். அமெரிக்காவின் எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றிலே அடுப்பூதிக் கொண்டிருந்த கறுப்பினப் பெண். அவள் பெற்ற தீர்ப்பை அறிந்துகொண்டு காஞ்சிக்குத் திரும்புவோம். அப்போது நம் ஊர்க் கல்லெழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும்.

சட்டம் ஓரிடம், சமையற்கட்டு ஓரிடம்

1787ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13ஆம் நாள், புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசு ஒரு கட்டளைச் சட்டம் இயற்றிற்று. ஒகையோ ஆற்றுக்கு வடமேற்கே, காடும் புல்வெளியுமாகப் பரந்து கிடந்த நிலப்பரப்பை ஆள்வதற்கான சட்டம் அது. அதன் ஆறாம் விதி, அந்நிலத்தில் அடிமை முறை கூடாது என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறிற்று. இந்தியானா, இல்லினாய், மிச்சிகன் என்று இன்று நாம் அறியும் மாநிலங்கள் அந்த நிலத்தில் எழுந்தவையே.

சட்டம் பிறந்தது, அடிமை முறை இறந்ததா? இல்லை. ஆண்டைகள் இரண்டு பொந்துகளைக் கண்டுபிடித்தனர். “நாங்கள் இச்சட்டத்துக்கு முன்பே இங்கே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள், எங்கள் பழைய உடைமையை யாரும் தொடக்கூடாது” என்பது முதற் பொந்து. இரண்டாவதுதான் சூழ்ச்சி மிக்கது. ‘அடிமை’ என்ற சொல்லை அழித்துவிட்டு, ‘ஒப்பந்தப் பணியாள்’ என்ற சொல்லை எழுதினர். இந்தியானா ஆட்சிப்பகுதி 1805ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, தெற்கிலிருந்து அடிமையை அழைத்து வரும் ஆண்டை, 30 நாட்களுக்குள் அந்த அடிமையோடு எழுத்தர் முன்னே நின்று, இத்தனை ஆண்டு உழைக்க ‘ஒப்புகிறேன்’ என்று பத்திரம் எழுதிக்கொள்ளலாம். பதினைந்து வயதைக் கடந்தோருக்கு ஆண்டுக்கணக்கிற்கு வரம்பே இல்லை. ஒரு மனிதரின் ஆயுளையே விழுங்கும் காலத்துக்கு எழுதிய பத்திரங்களும் உண்டு.

அடிமை ஒப்பாவிட்டால்? 60 நாட்களுக்குள் அவளை மீண்டும் அடிமை நாட்டுக்கே கொண்டு செல்லலாம்; அங்கே சந்தை இருக்கிறது, சாட்டை இருக்கிறது, விற்கலாம். ஒரு பக்கம் எழுதுகோல், மறுபக்கம் ஏலச் சந்தை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பெண் எழுதுகோலைத் தொட்டாள். அதற்குப் பெயர் ஒப்புதலாம்!

வபாசு ஆற்றங்கரையிலுள்ள வின்சென்சு என்ற ஊரில் பாலி என்றொரு பெண் இருந்தாள். 1796 அளவில், அதாவது அடிமை முறை கூடாது என்ற சட்டம் பிறந்த பின்னர், பிறந்தவள். ஆயினும் அவள் தாய் விலைக்கு வாங்கப்பட்டவள் என்பதால் மகளும் உடைமை என்றார்கள். இலாசெல் என்ற பிரெஞ்சுக் குடியினரின் வீட்டிலே அவள் உழைத்தாள். வழக்கு நடந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றாள். தோற்றபின் துவண்டு கிடக்கவில்லை, மேல்முறையீடு செய்தாள். 1820ஆம் ஆண்டு இந்தியானாவின் உச்ச நீதிமன்றம், மாநில அரசியல் சட்டம் அடிமை முறையை முற்றாக ஒழித்துவிட்டது, பழைய உடைமை என்ற பேச்சுக்கு இடமில்லை என்று கூறி அவளை விடுவித்தது. முதற் பொந்து அடைபட்டது.

அடுத்த ஆண்டு, அதே ஊரிலிருந்து மேரி கிளார்க் வந்தாள். கெண்டக்கியிலே அடிமையாக வாங்கப்பட்டு, வின்சென்சுக்குக் கொண்டுவரப்பட்டு, பணிப் பத்திரம் எழுதப்பட்டவள். 1816ஆம் ஆண்டில் சான்சுடன் என்ற சீமானுக்கு 20 ஆண்டு உழைப்பதாக இன்னொரு பத்திரம். “இவள் தன் விருப்பத்தோடு எழுதிக் கொடுத்தாள், பத்திரம் இதோ” என்றது ஆண்டையின் தரப்பு. கீழ்மன்றம் ஏற்றுக்கொண்டது. 1821ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது ஆராய்ந்த முறை, பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத்தக்கது. அன்று அவள் விரும்பி எழுதினாளா என்று தோண்டிக் கொண்டிருக்கவில்லை. இன்று அவள் விடுதலை கேட்டு இந்த மன்றத்தின் முன் நிற்கிறாள். அவ்வாறு நிற்பதே அவள் செய்யும் பணி விருப்பமற்ற பணி என்பதற்குச் சான்று. விருப்பமற்றவளைக் கட்டிவைத்து வேலை வாங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்த்தது.

அடிமைத்தனத்தை அளக்க அந்தப் பெண் நமக்கு ஓர் அளவுகோல் தந்துவிட்டுப் போனாள். ‘விரும்பி வந்தாளா?’ என்று கேட்டால், வாயில் காப்போனும் வசதியுள்ளவனும் ஆளுக்கொரு கதை சொல்வர். ‘விரும்பினால் வெளியேற முடியுமா?’ என்று கேளுங்கள். வெளியேற முடியுமானால் அது பணி. முடியாதென்றால் அது விலங்கு, பொன்னால் செய்திருந்தாலும் சரி, பூவால் மறைத்திருந்தாலும் சரி.

கல்லிலே எழுதிய விருப்பம்

அந்த அளவுகோலோடு தமிழகத்துக் கல்வெட்டுகளை அணுகுவோம்.

முதலில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். கோயிற் பெண்கள் அனைவரும் எல்லாக் காலத்திலும் ஒரே நிலையில் இருந்தவர்களல்லர். தம் பெயராலேயே விளக்குக்கும் நந்தவனத்துக்கும் பொன் கொடுத்த தேவரடியார் உண்டு. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுள்ள பங்கும் கொடுக்கப்பட்டன. கையிலே சொத்து இருந்தது, ஊரிலே மதிப்பு இருந்தது. வரலாற்றை எழுதுவோர் இதை மறைக்கக் கூடாது, நாமும் மறைக்கவில்லை.

ஆனால் அதே சோழர் காலக் கற்கள் வேறு செய்தியும் பேசுகின்றன. 1201ஆம் ஆண்டு, தஞ்சைத் தரணியின் திருப்பாம்புரத்தில், பஞ்சத்தின் கொடுமை தாங்கமாட்டாத வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரு பெண் மக்களையும் 110 காசுக்குக் கோயிலிடம் விற்றுக்கொண்டான். விற்றுக்கொண்டான் என்பதுதான் கல்லின் வாசகப் பொருள். யாரும் கட்டி இழுத்து வரவில்லை, தானே வந்தான். விரும்பி வந்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவனுக்கு முன்னே இருந்த மற்றொரு வழி எது? பட்டினி கிடந்து சாவது. எழுதுகோலுக்கும் ஏலச் சந்தைக்கும் நடுவே நின்ற மேரியின் நிலைக்கும், 110 காசுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே நின்ற இந்த உழவனின் நிலைக்கும் வேறுபாடு என்ன? அவனாவது பேசி விலை பேசினான். அந்த இரு பெண்களை யார் கேட்டார்கள்?

முதற் குலோத்துங்கன் காலத்துத் திருக்காளத்திக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அக்கோயிலின் தேவரடியார் சிலரை அரண்மனை அதிகாரிகள் கொண்டு சென்று, அரச முத்திரையை அவர்கள் உடலிலே பொறித்துவிட்டனர். முறையீடு சென்றது. மன்னன் தவற்றைத் திருத்த ஆணையிட்டான். எவ்வாறு திருத்தினான்? அரச முத்திரையை அழித்துவிட்டு, சூலக் குறியைப் பொறிக்கச் சொன்னான்! வழக்கு, மன்னன் சொத்தா மகேசன் சொத்தா என்பது பற்றியது. அந்தப் பெண்கள் தமக்குத் தாமே சொந்தம் என்ற மூன்றாவது வழி, அரண்மனைக்கும் தெரியவில்லை, ஆலயத்துக்கும் தெரியவில்லை.

மானியம் என்ற கயிறு

“அது பழங்கதை. பிற்காலத்தில் யார் முத்திரை குத்தினார்கள்?” என்று கேட்கலாம். உண்மை, சூடு போடுவது மறைந்தது. சூட்டுக்கோல் செய்த வேலையை மானியம் செய்தது.

பொட்டுக்கட்டிய பெண்ணுக்குக் கோயில் நிலத்திலோ வருவாயிலோ பங்கு உண்டு. குடியிருக்க வீடு உண்டு. சாமரம் வீச, கும்ப ஆரத்தி எடுக்க, ஆட, பாட அவள் வர வேண்டும். அவளுக்குப் பின் ஒரு மகள் வர வேண்டும். வயிற்றிலே மகள் பிறக்காவிட்டால் ஒரு சிறுமியைத் தத்தெடுத்தாவது கொண்டுவர வேண்டும். பணி நின்றால் மானியம் போகும். மானியம் போனால் வீடு போகும். வீடு போனால் தெரு. பிரிட்டிஷ் ஆட்சியும் இனாம் நிலங்களைக் கணக்கெடுத்து, பணிக்காக விடப்பட்ட நிலம் பணி நடக்கும் வரைதான் என்ற முடிச்சை இறுக்கிப் போட்டது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது உடைமை உரிமை கொண்டாடுவதை நீதிமன்றம் ஏற்காது என்று அறிவித்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் தொகுப்பு மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று. பொட்டுக்கட்டு இவ்விரண்டுக்கும் பிடிபடாமல் நழுவிற்று. ஏன்? விற்பனை என்ற சொல் அங்கே இல்லை; ‘சடங்கு’ என்ற சொல் இருந்தது. வாங்கியவன் பெயர் இல்லை; வரதர் பெயரும் ஏகாம்பரர் பெயரும் இருந்தன. கடவுளைக் கூண்டிலேற்ற எந்தக் காவலர் வருவார்?

இந்த வீடுகளில்தான் தமிழ்நாட்டின் இசையும் கூத்தும் வளர்ந்தன என்பதையும் நாம் அறிவோம். காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் பாட்டுக்கு நாடே செவி சாய்த்தது. அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளின் மகனே இசைமேதை காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. அந்தக் கலை அவர்கள் உழைத்துச் சேர்த்த செல்வம். அதற்கு நாம் தலை வணங்குகிறோம். சிறுமியின் கழுத்திலே கட்டிய பொட்டு, அவள் உழைத்துச் சேர்த்ததன்று; பேச்சு வருமுன்பே பிறர் போட்டது. கலையைக் காட்டிக் கயிற்றை நியாயப்படுத்துவது, மேரியின் சமையல் சுவையாக இருந்தது என்று சொல்லிப் பத்திரத்தை நியாயப்படுத்துவது போன்றதே.

வெளியே வந்தவள்

கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தவர்களில் தலையாயவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883ஆம் ஆண்டு பிறந்தவர். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசியிடம் சிறுமிப் பருவத்திலே விற்கப்பட்டவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. திருப்பாம்புரத்தில் 110 காசு. இங்கே பத்து ரூபாயும் ஒரு புடவையும். எழுநூறு ஆண்டு இடைவெளியில் நாகரிகம் வளர்ந்த அழகைப் பாருங்கள்!

வயது வந்தபோது, பாட்டன் வயதுடைய செல்வரிடம் அவரை ஒப்படைக்க ஏற்பாடு நடந்தது. மறுத்தார். தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையைத் தம் விருப்பத்தால் மணந்தார். வழக்கத்தின் கண்ணுக்கு அது குற்றம். அறிவின் கண்ணுக்கு அதுவே மேல்முறையீடு. காங்கிரசிலே உழைத்தார். 1925ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திலே நடந்த மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டுப் பெரியார் வெளியேறிய பின், தன்மான இயக்கத்தில் அம்மையாரும் இணைந்தார். ஊரூராகச் சென்றார், பொட்டுக்கட்டத் தயாராக நின்ற வீடுகளின் படியேறிப் பேசினார், ஏச்சும் எதிர்ப்பும் தாங்கினார். 1936ஆம் ஆண்டில் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற புதினத்தை எழுதி வெளியிட்டார். வலைக்குள்ளே இருந்தவளே வலையின் கண்ணிகளை எண்ணிச் சொன்ன நூல் அது. 1938ஆம் ஆண்டு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையிலே 55 வயதில் நடந்தார். இந்தி எதிர்ப்புக்காகச் சிறையும் சென்றார். 1962ஆம் ஆண்டு மறைந்தார்.

சட்டமன்றத்துக்குள்ளே அதே போரை நடத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி. 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிலே பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இதே குலத்தவர். மருத்துவப் பட்டம் பெற்று, சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக அமர்ந்தவர், 1927ஆம் ஆண்டு நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டு வந்தார். மரபு அழியும், கலை அழியும், ஆகமம் அழியும் என்று அலறினர் வைதிகர். அலறியவர்களின் வீட்டுப் பெண்கள் யாரும் பொட்டுக்கட்டிக் கொண்டவர்கள் அல்லர் என்பதையும் நாடு கண்டது.

எதிர்த்தவர்கள் வைதிகர் மட்டுமல்லர். சென்னையிலே தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி எதிர்ப்பு மனு அளித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பேரறிவும் பெரும்புகழும் கொண்டோர் அவர்களிடையே இருந்தனர். “பெண்ணுக்குச் சொத்துரிமை எங்கள் குலத்தில்தான் உண்டு; கல்வி எங்கள் குலத்தில்தான் உண்டு. எங்களை இழிமக்கள் என்று முத்திரை குத்துவதற்கு மாறாக எங்களுக்குக் கல்வி தாருங்கள்” என்ற பொருள்பட அவர்கள் வாதிட்டனர். இந்தக் குரலை நாம் ஏளனம் செய்யக்கூடாது. மற்ற குலத்துப் பெண்ணுக்குப் படிப்பும் இல்லை, சொத்தும் இல்லை என்றிருந்த நாட்டிலே, தம் கையிலிருந்ததை இழக்க அவர்கள் அஞ்சினர். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவர்கள் காக்க நினைத்த கல்வியையும் சொத்தையும் பொட்டுக்கட்டாத பெண்ணுக்கும் கொடுப்பதுதானே நேரான வழி? உரிமைக்கு விலையாக ஒரு சிறுமியின் கழுத்தை ஏன் கேட்க வேண்டும்?

கதவைத் திறந்தால் போதாது

முத்துலட்சுமி அம்மையாரின் அறிவுக் கூர்மை விளங்கும் இடம் இதுதான். வெறும் தடையால் விடுதலை வராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1929ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் நிறைவேறிய திருத்தச் சட்டம், மானிய நிலத்தைக் கோயிற் பணி என்ற கட்டிலிருந்து விடுவித்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அவளுடையது! ஆயிரம் ஆண்டு முடிச்சு அவிழ்ந்த இடம் அது. அதுவரை, வெளியேறினால் தெருவில் நிற்க வேண்டும். அதன்பின், வெளியேறினாலும் காலூன்ற நிலம் இருக்கும். அமெரிக்காவிலே 1865ஆம் ஆண்டு போர் முடியும் தறுவாயில், விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கி, தென்கரையிலே படைத்தலைவர் செர்மன் ஆணை பிறப்பித்தார். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ சான்சன் அந்நிலத்தைப் பழைய ஆண்டைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். விலங்கு கழன்றது, வயல் கிடைக்கவில்லை. வயல் இல்லாதவர்கள் கூலிக்காகவும் குத்தகைக்காகவும் அதே ஆண்டையின் வாயிலிலே போய் நின்றனர். நிலமற்ற விடுதலை எப்படிப்பட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

நிலத்துக்கு அடுத்தது கூரை. 1930ஆம் ஆண்டு, இந்தக் குலத்துச் சிறுமியர் சிலர் புகலிடம் தேடி முத்துலட்சுமி அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதிலிருந்து எழுந்ததே அவ்வை இல்லம். கதவைத் தட்டிய அந்தச் சின்னஞ்சிறு கைகளை எண்ணிப் பாருங்கள்! 1807ஆம் ஆண்டு, மிச்சிகனின் டெட்ராயிட்டு நகரில் நீதிமன்றம் விடுதலை மறுத்தபோது, இலிசெட் டெனிசன் என்ற கறுப்பினப் பெண் ஆற்றைக் கடந்து கனடா மண்ணிலே கால் வைத்து விடுதலை தேடிக்கொண்டாள். பின்னர் திரும்பி வந்து, உழைத்துச் சேர்த்து, 1825ஆம் ஆண்டு தன் பெயரிலேயே நிலமும் வாங்கினாள். அவளுக்கு ஓர் ஆறு. நம் சிறுமியருக்கு ஒரு தெரு. கடந்த தொலைவு வேறு, துணிவு ஒன்றே.

1947ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தின் 31ஆம் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே தடை செய்தது. அந்தச் சட்டத்திலே உள்ள ஒரு சொற்றொடர் பொன்னிலே பொறிக்கத்தக்கது. அந்தப் பெண் ஒப்பியிருந்தாலும் ஒப்பாவிட்டாலும், பொட்டுக்கட்டுச் செல்லாது என்று அது கூறுகிறது. அவ்வாறு கட்டப்பட்டவள் முறையாக மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்றும் கூறுகிறது. மேரி கிளார்க் வின்சென்சிலே தொடுத்த வழக்குக்கு, சென்னையிலே கிடைத்த தீர்ப்பு என்றே அதை நாம் கொள்ளலாம். ‘விரும்பித்தானே வந்தாள்?’ என்ற கேள்வியின் வாயை அந்தச் சொற்றொடர் அடைத்தது.

சட்டத்தால் துயரமும் விளைந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். கோயிலிலும் ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே அது குற்றமாக்கிற்று. ஆட்டம் அவை ஏறிற்று, வேறு குலத்தார் கைக்குச் சென்று புகழ் பெற்றது. தலைமுறை தலைமுறையாக ஆடியவளோ, பழிச்சொல்லை மட்டும் சுமந்து வீட்டுக்குள்ளே முடங்கினாள். சமூகம் அவளுடைய விலங்கைக் கழற்றியதோடு அவள் கைத்தொழிலையும் பறித்துக்கொண்டு, நன்றி கூற மறந்துவிட்டது. அவள் பெயரைக் கலை வரலாற்றில் மீண்டும் எழுதுவது இன்னும் தீராத கடன்.

தறிமேட்டில் ஒரு முன்பணம்

இத்தனையும் பழைய வரலாறு, நமக்கென்ன என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். காஞ்சித் தெருவிலே இன்னும் சற்று நடப்போம். கோயில் வாயிலிலிருந்து தறிமேட்டுக்கு வருவோம்.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யும் சேலைக்கு நெசவாளி ஒருவர் போதாது; கரை நாடாவை வாங்கி எறிய இன்னொரு கை வேண்டும். பல காலம் அந்த இன்னொரு கை, பிள்ளையின் கையாக இருந்தது. பிள்ளையின் பெற்றோருக்கு நோய்க்கோ கடனுக்கோ பணம் தேவைப்படும். தறிக்காரர் முன்பணம் கொடுப்பார். பணம் அடையும் வரை பிள்ளை தறியிலே உட்காரும். கூலி குறைவு, கடன் அடையாது. வேறு தறிக்குப் போகவும் முடியாது. முன்பணம் கொடுத்த தறிக்காரரும் பல வேளைகளில் தமக்கு மேலுள்ள வணிகரிடம் கடன்பட்டவரே. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டின் சட்டம் நாடு முழுதும் ஒழித்தது. ஆயினும் 2003ஆம் ஆண்டில் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தொழிலில் முன்பணத்தால் கட்டுண்ட சிறுவர்களைப் பற்றிப் பேசியபோது, காஞ்சிபுரத்தையும் குறிப்பிட்டது. சட்டம் பிறந்து 27 ஆண்டு கழித்து! வடமேற்கு நிலத்தில் 1787ஆம் ஆண்டு சட்டம் பிறந்தும், 1820ஆம் ஆண்டு வரை பாலி காத்திருந்ததைப் போல.

அங்கேயும் அதே வாதம்தான் எழுந்தது: “யார் கட்டாயப்படுத்தினார்கள்? பெற்றவர்களே ஒப்பிப் பணம் வாங்கினார்கள்.” ஆண்டையின் நாக்கு எல்லா நாட்டிலும், எல்லா நூற்றாண்டிலும் ஒரே மொழியைத்தான் பேசுகிறது. செங்கற்சூளையானாலும், அரிசி ஆலையானாலும், மரம் வெட்டும் காடானாலும் முன்பணச் சீட்டைக் கையிலே பிடித்துக்கொண்டு ஒப்புதல், ஒப்புதல் என்றே அது ஓதும்.

தோழர்களே! அந்த ஓதலைக் கேட்கும் இடத்திலெல்லாம், மேரி கிளார்க்கின் அளவுகோலை எடுத்து வையுங்கள். இந்தப் பெண் நாளைக் காலை போகிறேன் என்றால் போக முடியுமா? போனால் அவளுக்குக் கூரை உண்டா? கூழ் உண்டா? அவள் பிள்ளைக்குப் பள்ளி உண்டா? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்று விடை வந்தால் வாழ்த்துங்கள். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும், அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. மாவட்ட நிருவாகத்திடம் மனுக் கொடுக்கும் வேலை. மீட்கப்பட்டவர்க்கு வாழ்வளிக்கும் உதவி முறையாகச் சேர்கிறதா என்று பார்க்கும் வேலை. பிள்ளையைப் பள்ளியிலே சேர்க்கும் வேலை. மேடையிலே முழங்குவதைவிட அது கடினம். அதனால்தான் அது தேவை.

பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட மூவலூர்ச் சிறுமியின் பெயரை, ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு 1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சூட்டிற்று. 2022ஆம் ஆண்டில் அத்திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்த மகளிர் உயர்கல்வி கற்கத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாயிற்று. திருமணத்துக்கு உதவி என்பது கல்விக்கு உதவி என மாறியது வெறும் பெயர் மாற்றமன்று. கல்வி பெற்றவளுக்கு வெளியேறும் வழி தெரியும். வெளியேறும் வழி தெரிந்தவளை எந்தப் பத்திரமும் கட்டாது, எந்தப் பொட்டும் கட்டாது.

காஞ்சியின் கல்லிலே பெண்களைக் கணக்கெழுதி வைத்தார்கள். அந்தக் கல் அப்படியே இருக்கட்டும், உடைக்க வேண்டியதில்லை. வரும் தலைமுறை அதைப் படிக்கட்டும். படித்துவிட்டு, அந்தக் கணக்கிலே நம் வீட்டுப் பெண் இல்லை, எவர் வீட்டுப் பெண்ணும் இனி இல்லை என்று சொல்லும் நாளைக் கொண்டுவருவது நம் கடமை.